காயமும் ஒப்பந்தமும்

ஒப்பந்தம் என்னும் சொல் சேலம், நாமக்கல் வட்டாரத்து மக்களுக்குப் பாடப்புத்தகத்தின் வழியாக வந்து சேர்ந்த சொல் அன்று. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுபவர் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் பட்டறைக்குள் நுழைகிறார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வடமாநிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகிறவரும் முன்பணம் வாங்கியே ஏறுகிறார். வாங்கியது தீரும்வரை வேறு இடம் போக முடியாது. தறி ஓடும் நாளுக்கே கூலி. கையில் அடிபட்டுப் படுத்துவிட்டால் கூலி நின்றுவிடும். முன்பணக் கணக்கு மட்டும் நிற்காது. எழுத்தில் இல்லை என்றாலும் இதுவும் ஓர் ஒப்பந்தமே. வேலை செய்பவனின் உடல் பழுதுபட்டால் அந்த இழப்பு யாரைச் சேரும் என்ற கேள்விக்கு, இந்த ஒப்பந்தம் ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுகிறது: அவனையே சேரும்.

பொருளியல் மாணவனாகிய நான் இக்கட்டுரையில் இதே கேள்வியை வேறொரு தொழிலிடம் கேட்க விரும்புகிறேன். அது தொழில்முறை விளையாட்டு. கோடிகள் புரளும் தொழிலுக்கும் கூலித் தறிக்கும் என்ன ஒப்புமை என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே வாழ்வில் கண்ட ஒருவர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார். சேலத்துக்கு மேற்கே, தாரமங்கலம், எடப்பாடி, ஜலகண்டாபுரம் என்று தறி ஓசை ஓயாத வட்டாரத்தில் உள்ள சின்னப்பம்பட்டிக்காரரான வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன் அவர்களே அவர். தந்தை தறித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கடை வைத்திருந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். அவர் புகழைப் பாடுவது என் நோக்கம் அன்று. அதைச் செய்யப் பலர் இருக்கிறார்கள். அவருடைய தொழில் வாழ்வில் ஒப்பந்தம், காயம், தேர்வு ஆகிய மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை மட்டும் நோக்குவோம்.

இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்து ஆட்டம். அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்பவர்தாம் அவரைச் சென்னைக்கு வழிகாட்டினார். பிற்காலத்தில் நடராஜன் தம் ஆட்டச் சட்டையின் முதுகில் அவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்துப் பொறித்துக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். 2010-11இல் சென்னை லீக்கின் நான்காம் பிரிவில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடினார். பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், அதன்பின் ஜாலி ரோவர்ஸ். இந்த ஜாலி ரோவர்ஸ் அணியை நடத்தும் சன்மார் குழுமத்தின் கெம்பிளாஸ்ட் ஆலை நம் மேட்டூரில் இருக்கிறது என்பதை இடையே சொல்லி வைக்கிறேன். சென்னை லீக்கில் நிறுவனங்கள் ஆட்டக்காரர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வங்கியிலோ ஆலையிலோ பெயர்ப்பதிவு இருக்கும். மாதச் சம்பளம் வரும். முழங்கால் வீங்கினாலும் அந்தச் சம்பளம் வரும். தொகை சிறிதுதான். ஆனால் காயத்தின் இழப்பை நிறுவனமும் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக அறிமுகமானார். அந்த ஆட்டத்தோடே அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற ஐயம் எழுந்தது. கையை நேராக்கிப் பழக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. காயம் படாமலேயே காயம் பட்டவரின் நிலை! உள்நாட்டு ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் ஆண்டு ஒப்பந்தம் கிடையாது. ஆடிய நாளுக்கே ஊதியம். 2021-22 பருவம் முதல் உள்ள வீதப்படி, 20 ஆட்டங்கள் வரை ஆடியவருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய். 21 முதல் 40 வரை என்றால் 50,000. அதற்கும் மேல் என்றால் 60,000. பதினொருவருள் இடம்பெறாமல் வெளியே அமர்ந்திருப்பவருக்குப் பாதி. தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். இது நாட்கூலி முறையே. தறி ஓடினால்தான் கூலி.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. திண்டுக்கல் அணிக்காகத் தூத்துக்குடி அணிக்கு எதிரான சூப்பர் ஓவரில் ஆறு பந்துகளையும் காலடியிலேயே யார்க்கராக இறக்கினார். 2017 பிப்ரவரி ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம் என்று குறிக்கப்பட்டிருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டங்கள், இரண்டு விக்கெட்டுகள். கூடவே முழங்கைத் தொல்லை. அடுத்த ஆண்டு ஏலத்தில் ஐதராபாத் சன்ரைசர்ஸ் எடுத்தபோது விலை 40 லட்சம். ஓராண்டில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஏல முறையின் இயல்பு இதில் கண்கூடு. ஏலத்தில் ஒருவரின் திறமைக்கு மட்டும் விலை வைப்பதில்லை. அவர் உடலைப் பற்றிய அச்சத்துக்கும் சேர்த்தே வைக்கிறார்கள். தமிழ்நாட்டின் இன்னொரு வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியின் கணக்கும் இதையே காட்டும். 2019 பருவத்துக்கு 8.40 கோடி, ஒரே ஆட்டம் ஆடி விரலில் காயம், அடுத்த ஏலத்தில் கொல்கத்தா கொடுத்தது 4 கோடி.

இருந்தாலும் அந்த 40 லட்ச ஒப்பந்தத்தை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் நடராஜன் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. ஆயினும் ஒப்பந்தம் இருந்தது, பயிற்சி இருந்தது, பந்துவீச்சுப் பயிற்சியாளராகத் தமிழில் பேசும் முத்தையா முரளிதரன் இருந்தார். ஓடாத தறிக்கும் கூலி கொடுத்த ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். 2020இல் கொரோனா காலத்தில் அரபு நாட்டில் நடந்த பருவத்தில் அவர் 16 விக்கெட்டுகள் எடுத்ததற்கும், டிவில்லியர்ஸின் ஸ்டம்பை ஒரு யார்க்கரால் சாய்த்ததற்கும் அந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பே அடித்தளம் என்று நான் கருதுகிறேன்.

இனித் தேர்வைப் பற்றி. இங்கேதான் செய்தி மிகவும் வியப்புக்குரியது.

2020 அக்டோபரில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு இந்திய அணி அறிவிக்கப்பட்டபோது நடராஜன் ஆட்டக்காரர் பட்டியலில் இல்லை. வலைப் பயிற்சியில் பந்து வீச அழைத்துச் செல்லப்பட்ட நால்வரில் ஒருவர், அவ்வளவே. நவம்பர் 9ஆம் நாள் வருண் சக்கரவர்த்தி தோள் காயத்தால் விலக, அவருக்குப் பதிலாக இருபது ஓவர் அணியில் நடராஜன் சேர்க்கப்பட்டார். நவம்பர் இறுதியில் நவ்தீப் சைனிக்கு முதுகுப் பிடிப்பு. ஒருநாள் அணியிலும் நடராஜன் பெயர் ஏறியது. 2021 ஜனவரி முதல் நாள் உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால் காயம். அவருக்குப் பதிலாக டெஸ்ட் அணியிலும் இடம். பும்ராவுக்கு வயிற்றுத் தசையில் காயம் ஏற்படவே, பிரிஸ்பேனில் பதினொருவருள் ஒருவரானார். ஒருவரின் தோள், ஒருவரின் முதுகு, ஒருவரின் கால், ஒருவரின் வயிறு என்று நான்கு பேரின் உடல் வலியில் நான்கு கதவுகள் திறந்தன. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

கதவு திறப்பது ஒன்று, உள்ளே சென்று நிற்பது வேறொன்று. டிசம்பர் 2ஆம் நாள் கான்பெராவில் ஒருநாள் அறிமுகம். அங்கே முதல் விக்கெட் லபுஷேன். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் இருபது ஓவர் அறிமுகத்தில் மூன்று விக்கெட்டுகள். 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். அந்த ஆட்டத்தில் களமிறங்கிய இந்திய வீச்சாளர்கள் அனைவரும் அதற்கு முன் ஆடியிருந்த டெஸ்டுகளைக் கூட்டினாலும் நான்குதான் வரும். நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும், இரு தமிழ்நாட்டு இளைஞர், ஒரே நாளில் அறிமுகமாயினர். முதல் இன்னிங்சில் நடராஜன் 78 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள். 108 அடித்த லபுஷேன் அதில் ஒருவர். ஜனவரி 19 அன்று இந்தியா வென்றது. 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்றது அதுவே முதன்முறை. சின்னப்பம்பட்டியில் அவரைச் சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டதை நம் பக்கத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மேளதாளம் அடங்கிய பின் கணக்கைப் பார்ப்போம். அந்தப் பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் வீசியது ஏறத்தாழ 38 ஓவர், அதாவது 230 பந்துகள். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் வீசுவது 24 பந்துகளுக்கு மேல் இல்லை. வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் ஒவ்வொரு பந்திலும் தரையில் ஊன்றி உடலை நிறுத்துகிறது. அந்நொடியில் உடல் எடையைப்போல் பல மடங்கு விசை கணுக்காலிலும் முழங்காலிலும் இடுப்பிலும் இறங்குகிறது. வயலில் மண்வெட்டி பிடித்தவருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே அசைவை நாள் முழுதும் செய்தால் எந்த மூட்டு முதலில் பேசும் என்பதை அவர் அறிவார். இன்னொன்றும் உண்டு. டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவு. தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை. பன்னிரண்டு வயதில் தோல் பந்தைத் தொட்ட நகரத்துப் பிள்ளையின் தோளும், இருபது வயதில் தொட்ட நம் ஊர்ப் பிள்ளையின் தோளும் ஒரே அளவு பழகியிருக்குமா? இது மருத்துவர் கூற்றன்று, என் கருத்தே. ஆயினும் ஆராயத் தக்கது.

ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய நடராஜனுக்கு முழங்காலிலும் தோளிலும் தொல்லை இருந்தது. பெங்களூரில் தேசிய கிரிக்கெட் அகாதமியில் சிகிச்சைப் பயிற்சி பெற்றார். மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக ஓர் இருபது ஓவர் ஆட்டமும், 28ஆம் நாள் புனேயில் ஓர் ஒருநாள் ஆட்டமும் ஆடினார். புனேயில் கடைசி ஓவரில் 14 ஓட்டங்களைத் தடுத்து வெற்றி தேடித் தந்தவர் அவரே. 2025 முடிய இந்திய அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. டெஸ்ட் ஒன்று, ஒருநாள் இரண்டு, இருபது ஓவர் நான்கு. நான்கு மாதத்துக்குள் ஏழு ஆட்டங்கள்.

ஏழு ஆட்டங்களின் ஊதியம் என்ன? டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம் என்பது வாரியத்தின் வீதம். கூட்டினால் 39 லட்சம். வெளியே அமர்ந்திருந்தபோது சன்ரைசர்ஸ் ஓர் ஆண்டுக்குக் கொடுத்த தொகையைவிட ஒரு லட்சம் குறைவு! அந்த ஏப்ரலில் வாரியம் வெளியிட்ட ஆண்டு ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 3 டெஸ்ட் அல்லது 8 ஒருநாள் அல்லது 10 இருபது ஓவர் ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பது அதற்குரிய அளவுகோல். மூன்று வகையிலும் ஆடிய காரணத்தாலேயே எந்த வகையிலும் எண்ணிக்கை நிறையவில்லை. அந்தப் பட்டியலின் கடைசிப் பிரிவுக்குக்கூட ஆண்டுக்கு ஒரு கோடி. பட்டியல் வெளிவந்து இரண்டு வாரம் ஆவதற்குள், ஏப்ரல் 27 அன்று, அவருக்கு முழங்காலில் அறுவை நடந்தது. வாரியம் கவனிக்காமல் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவரே நன்றி தெரிவித்திருக்கிறார். ஆனால் கவனிப்பு வேறு, உரிமை வேறு. ஆண்டு ஒப்பந்தம் உடையவர் ஐ.பி.எல். பருவத்தைக் காயத்தால் இழந்தால் வாரியத்தின் காப்பீடு அவரைத் தாங்கும். பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கு அந்தக் குடை இல்லை.

ஐ.பி.எல். ஒப்பந்தத்தின் அமைப்பையும் இங்கே காண்பது நலம். ஏலத்தில் கேட்கும் தொகை ஓராண்டுக்குரியது. பருவம் முழுதும் ஆயத்தமாக இருப்பவருக்கு முழுத் தொகை. பருவத்தின் நடுவே காயம் பட்டால் சம்பளமும் சிகிச்சையும் அணியின் பொறுப்பு. பருவம் தொடங்குமுன்பே காயத்தால் விலகினால் அணி கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே காயம் என்று வந்தது என்பதே கோடிகளைத் தீர்மானிக்கிறது. ஆண்டு முடிவில் அணி ஆட்டக்காரரை விடுவிக்கலாம். ஆட்டக்காரர் தாமாக அணியை விட முடியாது. 2025 பருவத்துக்கு வந்த விதிப்படி, ஏலத்தில் எடுக்கப்பட்ட பின் ஒருவர் வர மறுத்தால் இரண்டு பருவங்கள் தடை. காயத்துக்கு மட்டும் விலக்கு. முன்பணம் வாங்கிய தறிக்காரரின் நிலைக்கும் இதற்கும் தொகையில்தான் வேறுபாடு, கட்டில் வேறுபாடு மிகுதி இல்லை. அதே 2025 முதல் ஆட்டமொன்றுக்கு 7.5 லட்சம் தனி ஊதியமும் வந்தது. 14 லீக் ஆட்டங்களும் ஆடினால் 1.05 கோடி. வெளியே அமர்ந்திருப்பவருக்கு அது கிடையாது. ஓடாத தறிக்கும் கூலி என்று மேலே சொன்னேனே, அந்தச் சலுகை இதனால் சற்றுச் சுருங்கியது.

நடராஜன் மற்றவர் இடத்துக்கு வந்தது போல, அவர் இடத்துக்கும் மற்றவர் வந்தார். 2021 செப்டம்பரில் அவருக்குக் கொரோனா தொற்று. அந்தச் சில நாட்களுக்கு மாற்றாகச் சன்ரைசர்ஸ் சேர்த்துக்கொண்டவர் காஷ்மீரத்து இளைஞர் உம்ரான் மாலிக். மின்னல் வேகத்தால் நாடறிந்தவரானார். 2022க்கு அவரை அணி 4 கோடிக்குத் தக்கவைத்தது. அவ்வாண்டு ஜூனில் இந்தியாவுக்கும் ஆடினார். பிறகு அவர் உடலும் ஒத்துழைக்கவில்லை. 2024 ஏலத்தில் கொல்கத்தா 75 லட்சத்துக்கு எடுத்தது; 2025 பருவம் தொடங்குமுன்பே காயத்தால் விலகினார்; அவர் இடத்தில் சேத்தன் சக்காரியா வந்தார். வருணின் தோளில் தொடங்கிய சங்கிலி சக்காரியா வரை நீள்கிறது. இவர்களுள் யாரும் மற்றவருக்குத் தீங்கு நினைத்தவர் அல்லர். ஆனால் அந்தத் தொழிலில் காலி இடம் பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

நடராஜனோ மீண்டும் எழுந்தார். 2022இல் 4 கோடி ஒப்பந்தம், 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகள். 2024இல் 19 விக்கெட்டுகள். ஆயினும் அவ்வாண்டு இருபது ஓவர் உலகக் கோப்பை அணியில் இடமில்லை. இடக்கை வேகத்துக்கு அர்ஷ்தீப் சிங்கும், மாற்று ஆட்டக்காரர் வரிசையில் கலீல் அகமதும் எடுக்கப்பட்டனர். ஓரவஞ்சனை என்று தமிழ்நாட்டில் பலர் கொதித்தனர். நான் அவ்வளவு விரைவில் முடிவு கட்ட மாட்டேன். பளு கூடினால் முழங்கால் தொல்லை தரும் என்று அவர் சிவப்புப் பந்து ஆட்டங்களை விட்டு விலகியே நின்றார். மூன்று வகையிலும் ஆடக்கூடியவர் என்பதே ஒருகாலத்தில் அவருக்குக் கதவைத் திறந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடி கொடுத்தது. அடுத்த பருவத்தில் தோள் காயத்தால் மிகச் சில ஆட்டங்களே ஆட முடிந்தது.

இந்த இழப்பீட்டுக் கேள்வி நம் காலத்தில் பிறந்ததன்று. ரக்பி என்றொரு ஆட்டம் உண்டு. பக்கத்துக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவப் பந்து (நாமக்கல்லுக்கு முட்டை புதிதன்று; இதை அடைகாக்க முடியாது, அவ்வளவே), மோதிச் சாய்ப்பதே ஆட்டம். வட இங்கிலாந்தின் துணி ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமைகளில் ஆட வேண்டுமானால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். இழந்த கூலியையாவது ஈடு செய்யுங்கள் என்று கேட்டார்கள். தெற்கிலிருந்த கனவான்கள், பணம் வாங்கி ஆடுவது விளையாட்டுக்கு இழுக்கு என்று மறுத்தார்கள். கனவான்களுக்குக் கூலி போகும் கவலை இல்லை என்பது வெளிப்படை. 1895 ஆகஸ்டு 29 அன்று கம்பளி நெசவுக்குப் பேர்போன ஹடர்ஸ்பீல்டு நகரில் வடக்கத்தி அணிகள் கூடிப் பிரிந்து தனிச் சங்கம் கண்டன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை இழப்பீடு தரலாம் என்று வகுத்துக்கொண்டன. பழைய சங்கத்தின் ரக்பி தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 26 அன்று. மூன்று நாள் குறைய நூறாண்டு! நெசவாளியின் கூலி இழப்பே ஓர் ஆட்டத்தை இரண்டாகப் பிளந்தது என்பதை அறிந்தபோது, எனக்கு ஜலகண்டாபுரமும் இளம்பிள்ளையுமே கண்முன் வந்தன.

ஏனெனில் நம் கிராமங்களில் அந்த ஆறு ஷில்லிங்கும் இன்னும் வரவில்லை. ஞாயிறுதோறும் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் வெளியூர் அணி நல்ல வீச்சாளரைக் காசு கொடுத்து அழைக்கும். பரிசுத் தொகையைப் பங்கிட்டுக்கொள்வார்கள். எழுத்து இல்லை, காப்பீடு இல்லை. கட்டாந்தரையில் விழுந்து முழங்கால் திரும்பினால் முதலில் எண்ணெய் நீவல், பிறகு புத்தூர் கட்டு, அதற்கும் கேட்காவிட்டால் சேலத்தில் ஸ்கேன். என் வகுப்பில் இரவு தறிக்குப் போய்ப் பகலில் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முழங்கால் என்பது விளையாட்டுக்கு மட்டும் வேண்டியதன்று, தறியருகே எட்டு மணி நேரம் நிற்பதற்கும் அதுதான் வேண்டும்.

சின்னப்பம்பட்டியில் 2023 ஜூனில் நடராஜன் தம் பெயரில் ஒரு மைதானம் அமைத்துத் தினேஷ் கார்த்திக்கைக் கொண்டு திறந்தார். அதே ஊர்ப் பெரியசாமியும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பெயர் பெற்றவர். வாழப்பாடியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேசனின் மைதானம் இருக்கிறது. ஆக, ஆட இடம் வந்துவிட்டது. விழுந்தவருக்கான ஏற்பாட்டைத் தேடினேன். வங்கிக் கணக்கு உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிச் சேரக்கூடிய பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று உண்டு. உயிர் போனாலும், இரு கண்களையோ இரு கைகளையோ இரு கால்களையோ இழந்தாலும் 2 லட்சம். நிரந்தரமாக ஒரு பகுதி ஊனமானால் 1 லட்சம். போட்டி நடத்துவோர் நுழைவுக் கட்டணத்திலிருந்து இதைக் கட்டிவிடலாமே என்று எங்கள் ஊர் அணித்தலைவரிடம் சொன்னேன். அவர் விவரங்களை வாங்கிப் படித்தார். “தம்பி, முழங்கால் ஜவ்வு கிழிஞ்சா எவ்வளவு தருவாங்கன்னு இதுல போடலையே?” என்றார். அதற்கு அத்திட்டத்தில் தொகை இல்லை.